லாரி திரும்ப இடம்

நீ ஓர் எறும்பு.
சாப்பாட்டு மேசையின் மேல் நிற்கிறாய்.
காண்பதை வரைக.
போன வருஷத்துக் கேள்வி.

எங்கள் வீட்டில் மேசை இல்லை.
எறும்பு உண்டு, வேண்டிய மட்டும்.
ஆகவே கூத்தாநல்லூருக்குப் போனேன், மர்ஜானா வீட்டுக்கு.
அவள் அத்தா சிங்கப்பூரிலிருந்து
மாதம் மாதமாய் அனுப்பிய வீடு அது.
ஏழு அறை, நாலு பூட்டு.
எட்டுப் பேர் உட்காரும் மேசையில்
அவளும் அவள் அம்மாவும்.

விளிம்பில் மோவாயை வைத்து
ஒரு கண்ணை மூடினேன்.
ஊறுகாய்ப் பாட்டில்
மேல்நிலைத் தொட்டியாய் எழுந்தது.
தண்ணீர் டம்ளருக்குள் ஜன்னல்
இடம் வலம் மாறி நின்றது.
"எறும்புக்கு டீ போடவா?" என்றாள் மர்ஜானா.

பன்னிரண்டாம் வகுப்பு, கணக்குப் பிரிவில்
நாங்கள் பதினொரு பேர்.
ஒன்பது பேருக்கு இன்ஜினியரிங்,
மர்ஜானாவுக்கு பேங்க்.
ஆர்க்கிடெக்சர் என்று நான் சொன்னதை
ஆன்லைன் சென்டர்க்காரர் இரண்டு முறை தேடினார்.
சிவிலா? இல்லை.
இன்டீரியரா? இல்லை.
பின்னே?
அன்றைக்கு அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ரசீதை மடித்துக்கொண்டேன்.

பயிற்சி வகுப்பு தஞ்சாவூரில்,
கட்டணம் ஒரு போகத்து உரம்.
அதனால் யூடியூப்.
விளம்பரம் முடிகிறவரை பென்சில் சீவுவேன்.
அதில் வருகிற அண்ணன் எடுத்ததுமே
கண்மட்டக் கோட்டைப் போடச் சொல்வார்,
கற்பனை செய்துகொள்ளுங்கள் என்பார்.
மாடிகள் மறைக்கிற ஊர்க்காரராக இருக்கும்.
எங்களுக்கு அறுப்பு முடிந்தால்
கிழக்கே அது சும்மா கிடக்கிறது,
ஸ்கேல் வைக்காமலே நேராக.

தையல் டேப்பால் வீட்டை அளந்தேன்.
நூற்றைம்பது சென்டிமீட்டர், சாக்பீஸில் ஒரு கோடு,
மறுபடி நூற்றைம்பது.
தொகுப்பு வீடு. நாற்பதும் ஒரே அச்சு.
ஒன்றை வரைந்தால் தெருவையே வரைந்த மாதிரி
என்று நினைத்திருந்தேன்.
அடுத்த வீட்டில் வாசலை வடக்கே மாற்றியிருந்தார்கள்.
அதற்கடுத்ததில் சமையலறை முழுக்க ஆடு.
கடைசி வீட்டில்
கூரை ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே
தொட்டி கட்டி மீன் விட்டிருந்தார்கள்.
பிளானில் இதற்கெல்லாம் குறி கிடையாது.
நானே ஒன்று போட்டேன்.

தை மாதத்தில் கேட்காமல் வந்த மழை.
கொள்முதல் நிலையத்தில் அப்பாவுக்குப் பதினோராம் நாள்.
ஈரப்பதம் இறங்கவில்லை,
நெல்லும் ஏறவில்லை.
சோறு கொண்டுபோனபோது
குளம் கட்டி நின்ற படுதாவை
உள்ளேயிருந்து கழியால் தட்டிக்கொண்டிருந்தார்.
மூட்டை மேல் உட்கார்ந்து
அங்கேயே ஒரு கூரை வரைந்தேன்.
இரண்டு மறைபுள்ளி, உயரமான தூண்கள்,
காற்று வர தெற்கில் திறப்பு.
நிழல்கூடப் போட்டேன்.

மூட்டை தூக்குகிற பன்னீர்
தலைத்துண்டை உதறியபடி எட்டிப் பார்த்தார்.
"ஷோக்கா இருக்கு.
லாரி எங்க திரும்பும்?"

மூன்று தூணை இடித்துக்கொண்டுதான் திரும்பும்.
அழித்தேன்.
தாள் கறுத்துப்போனது.

மறுநாள் விடிந்ததும் சேற்றில் குனிந்து
டயர் தடத்தின் வளைவை
டேப் வைத்து அளந்தேன்.
டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.
அன்றைக்குத் திருப்புதல் தேர்வு, இயற்பியல்.
அரை மணி தாமதம், முழங்கால் வரை சேறு,
நாற்பத்தொன்பது மார்க்.

நுழைவுத் தேர்வில் லாரி வரவில்லை.
எறும்பும் வரவில்லை.
சிறுவர் பூங்கா ஒன்று கேட்டிருந்தார்கள்.
ஊஞ்சல், சறுக்குமரம்,
வேம்பு, வேம்படியில் இரண்டு பெஞ்சு.
மணியடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது.
ஒரு பெஞ்சை அழித்து
அங்கே வெறும் தரையை விட்டேன்,
யாராவது எதையாவது ஏற்றிக்கொண்டு வந்தால்
திரும்புவதற்கு.